80 வருஷம் கழிச்சு வீட்டுக்கு வரும் ராணுவ வீரர்கள்... கொடியோடு காத்திருக்கும் பைக் ரைடர்கள்!

அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊர் ஏர்போர்ட். விமானம் தரையிறங்கியதும், 'யாரும் எழுந்திரிக்க வேண்டாம், ஒரு ராணுவ வீரர் நம்மோடு பயணம் செஞ்சு வந்திருக்கார்' என்று பைலட் அறிவிக்கிறார். ஜன்னல் வழியா பார்த்தால், தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டி ஒன்று மெள்ள இறக்கப்படுகிறது. வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட பைக்குகள். லெதர் ஜாக்கெட், தாடி, டாட்டூவோடு வரிசையாக நிற்பவர்கள் கையில் ஆளுக்கொரு கொடி. யாரும் பேசுவதில்லை.

இந்தக் காட்சியில என்ன விசேஷம்னா, அந்தப் பெட்டியில் இருப்பவர் போன வாரம் இறந்தவர் இல்லை. 1941-லோ 1950-லோ காணாமல்போனவர். வரிசையில் நிற்கும் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவருடைய சொந்தக்காரர்களும் இல்லை. சம்பளமும் கிடையாது. பெட்ரோல் செலவுகூட சொந்தக் காசுதான்.

யார் இவங்க? எதுக்காக இதைச் செய்யுறாங்க? காணாமல்போன ஒரு சிப்பாய் எப்படித்தான் வீடு வந்து சேர்கிறார்? பார்க்கலாம்.

எத்தனை பேர் இன்னும் வரலை?

இரண்டாம் உலகப்போர் தொடங்கி கொரியா, வியட்நாம், பனிப்போர் என்று பல போர்களில் காணாமல்போய், இன்னும் கணக்கில் வராத அமெரிக்க வீரர்கள் 80,000-க்கும் அதிகம். இவர்களில் சுமார் 72,000 பேர் இரண்டாம் உலகப்போரில் காணாமல்போனவர்கள். கொரியப் போரில் 7,000-க்கும் மேல். வியட்நாம் போரில் சுமார் 1,500 பேர். மொத்த எண்ணிக்கையில் பாதிப்பேர் கடலில் மூழ்கியவர்கள் என்பதால், அவர்களைத் தேடி எடுப்பது ரொம்பவே கஷ்டம்.

இவர்களைத் தேடுவதற்கென்றே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின்கீழ் 'டி.பி.ஏ.ஏ' என்ற அமைப்பு இருக்கிறது. ஏற்கெனவே தனித்தனியாக இயங்கிய அமைப்புகளை இணைத்து, 2015-ல் உருவாக்கினார்கள். இதன் முக்கியமான ஆய்வகம் ஹவாயில் இருக்கிறது. எலும்புகளை வைத்து ஆளை அடையாளம் காணும் வேலையில் உலகத்திலேயே பெரிய ஆய்வகங்களில் ஒன்று அது.

எலும்பை வெச்சு ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

சினிமாவுல காட்டுற மாதிரி ஒரே நாளில் ரிசல்ட் வந்துடாது. பல வழிகளில் சரிபார்க்கிறார்கள்.

* பற்கள்: ராணுவத்தில் சேரும்போது எடுத்த பல் மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிடுவது.

* காறை எலும்பு: அந்தக் காலத்தில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, சிப்பாய்களுக்கு நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். பழைய எக்ஸ்-ரேயில் தெரியும் எலும்பையும், கிடைத்த எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

* டி.என்.ஏ: அம்மா வழியாக மட்டுமே வரும் 'மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ' இங்கே கை கொடுக்கிறது. காணாமல்போனவரின் சகோதரி, சகோதரியின் பிள்ளைகள், அந்தச் சகோதரியின் மகள் வழிப் பேரப்பிள்ளைகள் என யாராவது கன்னத்தின் உள்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும்.

இங்கேதான் நேரம் முக்கியமாகிறது. வீரரோடு கூடப் பிறந்தவர்களுக்கு இப்போது 90 வயதைத் தாண்டியிருக்கும். அவர்கள் போய்விட்டால், சரியான டி.என்.ஏ கொடுக்கக்கூடிய உறவினரைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை ஆகிவிடும். அதைவிட, 'என் அண்ணன் என்ன ஆனான்?' என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர், பதில் தெரியாமலேயே போய்விடுவார். ஆய்வகத்தில் இருப்பவர்கள் ஓடுவது இந்தக் கடிகாரத்தை எதிர்த்துத்தான்.

கல்லறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஒரு தாத்தா

1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசிய நாள். டார்பிடோக்கள் தாக்கியதில் 'யூ.எஸ்.எஸ் ஓக்லஹோமா' என்ற போர்க்கப்பல் சில நிமிடங்களிலேயே தலைகுப்புறக் கவிழ்ந்தது. 429 பேர் இறந்தார்கள். பின்னாளில் கப்பலை நிமிர்த்தி உடல்களை மீட்டபோது, 35 பேரை மட்டும்தான் அடையாளம் காண முடிந்தது. மற்றவர்களின் எலும்புகள் கலந்துபோய், ஹவாயின் 'பஞ்ச்பவுல்' கல்லறைத் தோட்டத்தில் 'அடையாளம் தெரியாதவர்' என்ற கல்லுக்குக் கீழே புதைக்கப்பட்டன.

அதே தாக்குதலில் வேறொரு கப்பலில் இருந்து உயிர் தப்பியவர் ரே எமோரி. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பெயரில்லாத கல்லறைகளைப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. பழைய ராணுவக் கோப்புகளை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். 'இந்தக் கல்லறையில் இருப்பது இன்னார்தான், தோண்டிப் பாருங்க' என்று அதிகாரிகளிடம் மல்லுக்கட்டினார். 2003-ல் ஒரே ஒரு சவப்பெட்டியை மட்டும் திறக்க அனுமதி கிடைத்தது. அதில் ஒரு சிலரின் எலும்புகள் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்ததோ கிட்டத்தட்ட 100 பேரின் எலும்புகள்!

அதன்பிறகு 2015-ல் எல்லாப் பெட்டிகளையும் தோண்டி எடுக்க உத்தரவு வந்தது. 2021-ல் திட்டம் முடிந்தபோது 350-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் கிடைத்திருந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பார்பர் சகோதரர்கள் மூன்று பேரும் அதில் அடக்கம். எமோரி 2018-ல் 97 வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அவர் பேர்ல் ஹார்பருக்கு வந்தபோது, கடற்படை வீரர்கள் பெருந்திரளாக வரிசையில் நின்று அவருக்கு சல்யூட் அடித்தார்கள்.

பைக் கேங் இல்ல... 'பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்'

சரி, அந்த பைக்காரர்கள் யார்? 2005-ல் கேன்சஸ் மாநிலத்தில் உருவான தன்னார்வலர் அமைப்பு இது. உருவான காரணம்தான் கொடுமை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த இளைஞர்களின் இறுதிச்சடங்கு நடக்கும் இடத்துக்கு, 'வெஸ்ட்போரோ' என்ற சிறிய சர்ச்சைச் சேர்ந்தவர்கள் பலகைகளோடு வந்து நிற்பார்கள். 'ஓரினச்சேர்க்கையாளர்களை ஏற்றுக்கொண்ட நாட்டுக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்த மரணம்' என்று கத்துவார்கள். மகனைப் பறிகொடுத்த பெற்றோரின் காதில் இதெல்லாம் விழும்.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 'பேச்சுரிமை பேச்சுரிமைதான்' என்கிற அர்த்தத்தில், 2011-ல் 8-1 என்ற கணக்கில் தீர்ப்பு அந்த சர்ச்சுக்கே சாதகமாக வந்தது. ஆனா, பைக் ரைடர்கள் அதற்கு ஆறு வருஷம் முன்பே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அடிதடி கிடையாது, பதிலுக்குக் கத்துவதும் கிடையாது. குடும்பத்தினருக்கும் போராட்டக்காரர்களுக்கும் நடுவில் கொடிகளைப் பிடித்து வரிசையாக நின்றுவிடுவார்கள். பலகைகள் கண்ணில் படாது. கூச்சல் அதிகமானால், இன்ஜினை முறுக்கி அந்தச் சத்தத்தில் கரைத்துவிடுவார்கள். அவ்ளோதான்!

இவங்களோட சில ரூல்ஸ் ரொம்ப சிம்பிள்:

* குடும்பத்தினர் அழைத்தால் மட்டும்தான் போவார்கள்.

* சேருவதற்கு முன்னாள் ராணுவ வீரராக இருக்க வேண்டியதில்லை. பைக்கும் கட்டாயமில்லை, காரில்கூட வரலாம்.

* மரியாதை கொடுக்கத் தெரிந்தால் போதும்.

இன்றைக்கு, காணாமல்போய்த் திரும்பிவரும் வீரர்களின் ஊர்வலத்திலும் இவர்கள்தான் முன்னால் போகிறார்கள். ஏர்போர்ட்டிலிருந்து சொந்த ஊர் வரைக்கும் வழிநெடுக மேம்பாலங்களில் தீயணைப்பு வண்டிகள், சாலையோரம் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடி என்று ஊரே சேர்ந்துகொள்வதும் உண்டு. 1951-ல் கொரியப் போர்க்கைதிகள் முகாமில் இறந்த ராணுவப் பாதிரியார் எமில் கபான், 2021-ல் அடையாளம் காணப்பட்டு கேன்சஸ் திரும்பியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இறுதிச்சடங்குக்கு வந்திருந்தார்கள். குதிரைகள் பூட்டிய வண்டியில் அவருடைய பெட்டி விச்சிடா நகரத் தெருக்களில் போனது.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

பல நேரங்களில் முழு எலும்புக்கூடு கிடைக்காது. சில எலும்புகள், சில பற்கள் மட்டுமே இருக்கலாம். ஆனாலும் முழு அளவு சவப்பெட்டிதான். எலும்புகளை ராணுவக் கம்பளியில் சுற்றி வைத்து, அதன்மேல் அந்த வீரரின் பதவிக்கும் பதக்கங்களுக்கும் ஏற்ற புதிய சீருடையை விரித்து வைப்பார்கள். எங்கே அடக்கம் செய்வது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்யும். பெரும்பாலும் 'அம்மா அப்பா பக்கத்துல' என்பதுதான் பதிலாக இருக்கும்.

அருணாசலப் பிரதேசத்துக்கும் ஒரு தொடர்பு

இரண்டாம் உலகப்போரில் பர்மா சாலையை ஜப்பான் அடைத்துவிட, அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவுக்கு விமானத்தில் பொருள்கள் கொண்டுபோனார்கள். அந்த வழிக்கு 'ஹம்ப்' என்று பெயர். மோசமான வானிலையில் நூற்றுக்கணக்கான விமானங்கள் மலையில் மோதி நொறுங்கின. 1944 ஜனவரி 25 அன்று எட்டுப் பேரோடு காணாமல்போன ஒரு பி-24 விமானத்தை, 2006-ல் அருணாசலப் பிரதேசக் காட்டில் கண்டுபிடித்தவர் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்க மலையேறி. அரசு அனுப்பிய ஆள் இல்லை அவர். தானாகவே தேடிக் கிளம்பியவர். வழி காட்டியவர்கள் உள்ளூர் மலைவாசி மக்கள்.

அந்த விமானத்தில் இருந்த ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் உடல் எச்சங்கள் 2016-ல் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. 2017-ல் அடையாளம் உறுதியாகி, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். காணாமல்போய் 73 வருஷம்!

உயிரோட இருக்கிறவங்களுக்கும்தான்!

மரியாதை எல்லாம் இறந்த பிறகுதானா என்று கேட்கிறீர்களா? இல்லை.

ஹானர் ஃப்ளைட்: 2005-ல் ஒஹையோவில் தொடங்கியது. வயதான முன்னாள் வீரர்களை இலவசமாக வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், அவர்களுக்காகக் கட்டிய நினைவிடத்தைக் காட்டுகிறார்கள். முதல் பயணத்தில் ஆறு குட்டி விமானங்களில் போனவர்கள் வெறும் 12 பேர். ஒவ்வொரு தாத்தாவுக்கும் வீல்சேர் தள்ள, கூடவே நடக்க ஒரு தன்னார்வலர் வருவார்.

ஆர்லிங்டன் லேடீஸ்: 1948-ல், ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் உறவினர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு வீரர் அடக்கம் செய்யப்படுவதைப் பார்த்தார், விமானப்படைத் தளபதியின் மனைவி கிளாடிஸ் வாண்டன்பர்க். 'எந்தச் சிப்பாயும் தனியாப் போகக் கூடாது' என்று பெண்களைத் திரட்டினார். இன்றுவரை அங்கே நடக்கும் அடக்கங்களில் இந்தப் பெண்களில் ஒருவர் நிற்கிறார்.

மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட்: இறுதிச்சடங்கு நிலையங்களின் அலமாரிகளில், யாரும் வாங்கிப் போகாத அஸ்திக் கலசங்கள் வருஷக்கணக்கில் கிடக்கும். அவற்றில் முன்னாள் வீரர்கள் யாரென்று பட்டியலைப் புரட்டிக் கண்டுபிடித்து, முறையாக அடக்கம் செய்கிறார்கள் இந்தத் தன்னார்வலர்கள்.

காலியாக இருக்கும் ஒரு நாற்காலி

அமெரிக்க ராணுவ விருந்துகளுக்குப் போனால், ஓரமாக ஒரு சின்ன மேஜை தனியாகப் போடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, எரியும் மெழுகுவத்தி. தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, அவர்களின் கசப்பான விதிக்கு. கொஞ்சம் உப்பு, குடும்பத்தினரின் கண்ணீருக்கு. கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், அவர்களால் இன்று நம்மோடு அருந்த முடியாது என்பதற்காக. நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பல அரசுக் கட்டடங்களில் தேசியக் கொடியோடு பறக்கும் கறுப்புக் கொடியும் இவர்களுக்கானதுதான். தலைகுனிந்த ஒரு மனிதரின் நிழலுருவம், பின்னால் காவல் கோபுரம். 'உங்களை நாங்கள் மறக்கவில்லை' என்று கீழே எழுதியிருக்கும். வியட்நாம் போரில் காணாமல்போனவர்களின் குடும்பங்கள் கேட்டு வாங்கிய கொடி அது. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை இவர்களுக்கான நாள்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ

பஞ்ச்பவுல் உட்பட அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில், காணாமல்போனவர்களின் பெயர்கள் பெரிய கல்சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் அடையாளம் காணப்பட்டால், அந்தப் பெயரை அழிப்பதில்லை. பக்கத்தில் பூ வடிவத்தில் ஒரு சின்ன வெண்கல முத்திரை பதிக்கிறார்கள். 'இவர் கிடைச்சுட்டார்' என்று அர்த்தம்.

பூ வைத்த பெயர்கள் கொஞ்சம்தான். வைக்காத பெயர்கள் பல ஆயிரம். அதனால்தான் எங்கோ ஒரு கிழவி இன்னும் பஞ்சுக்குச்சியில் கன்னத்தைத் தேய்த்துக் கொடுக்கிறார். பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக, மழையில் நனைந்துகொண்டு ஏர்போர்ட் வாசலில் கொடி பிடித்து நிற்கிறார் ஒரு பைக் ரைடர்.