கேலனுக்கு மூன்றரை பவுண்டு

ரப்பர் பாலில் ரப்பர் பாதிகூட இருப்பதில்லை. மரத்திலிருந்து மங்கு என்னும் கிண்ணத்தில் வடியும் பாலில் சுமார் 30 முதல் 40 விழுக்காடுதான் காய்ந்த ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் உழைப்பை அளந்ததில் இந்த விழுக்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு நிரை நிரையாக மரம் வெட்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். முற்பகலில் மங்குகளை வாளியில் கவிழ்த்து, காண்டா என்னும் தோள்தடியில் தூக்கிக்கொண்டு, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வருவார்கள். தராசில் ஏறுவது ரப்பரும் தண்ணீரும் சேர்ந்த பாரம். மரத்தின் இனம், வயது, பருவம், மங்கில் விழுந்த மழைநீர் என எதுவும் அதில் ரப்பரின் பங்கை மாற்றிவிடும்.

அந்தப் பங்கை அறியத் தோட்டக் கணக்கரான கிராணியிடம் இருந்தது மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும். நீர்த்த பாலில் மேலே நிற்கும். கொழகொழத்த பாலில் அது தடையின்றி மிதக்காது என்பதால், அளந்து தண்ணீர் சேர்த்து, கிடைத்த எண்ணைப் பெருக்கிக்கொள்வார்கள். இது மதிப்பீடுதான். சரியான எடை வேண்டுமென்றால் கொஞ்சம் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக உருட்டி, உலர்த்தி நிறுக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களை அதுவரை காக்க வைக்க முடியாது.

பழைய அளவைகள் இந்தக் கணக்குக்கு நன்றாகவே ஒத்துழைத்தன. ஒரு கேலன் பால் ஏறக்குறைய 10 பவுண்டு எடை. கேலனுக்கு மூன்றரை பவுண்டு ரப்பர் என்றால் சுமார் 35 விழுக்காடு! வாளியில் 50 பவுண்டு பால், 36 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு 5 பவுண்டு, முப்பது 15, மிச்சமுள்ள ஆறு 3. ஆக 18 பவுண்டு. அதே பாலுக்கு 32 என்று எழுதினால் 16. முள்ளில் தெரியும் எடையை வெட்டுக்காரரும் பார்ப்பார். இந்த இரண்டு பவுண்டு வேறுபாட்டை உண்டாக்கும் எண்ணோ கிராணியின் ஏட்டில் இருந்தது. கருவி நேர்மையானது என்றாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு பக்கம், உழைத்தவர் மறுபக்கம் என்ற நிலை நியாயமானதல்ல.

ஸ்டோருக்குள் இன்னொரு கணக்கு நடந்தது. ஷீட் ரப்பர் செய்யப் பாலை 12 முதல் 15 விழுக்காடு வரை நீர்த்துப்போகச் செய்வது வழக்கம். 36 விழுக்காட்டுப் பால் 100 லிட்டரை 12-க்குக் கொண்டுவர, பாலும் நீருமாக மொத்தம் 300 லிட்டர் ஆக்க வேண்டும். அதாவது 200 லிட்டர் தண்ணீர். நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு அமைவது அரிது.

தோட்டத்துக்கு வெளியிலிருந்தும் விழுக்காடுகள் வந்தன. 1922 நவம்பர் 1 முதல் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அடிப்படை உற்பத்தி ஒன்றை நிர்ணயித்து, தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டை மட்டும் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்ய விட்டது. 1928-ல் திட்டம் முடிந்தது. அடுத்து உலகப் பொருளாதாரச் சரிவு. 1930-ல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40-க்கும், பெண்ணுடையது 40-லிருந்து 32-க்கும் இறங்கியது. இருவருக்கும் ஒரே 20 விழுக்காடு வெட்டு என்று சொல்லலாம். ஆனால் பெண்ணின் கூலி முன்பும் ஆணுடையதில் 80 விழுக்காடு, பின்பும் அதே 80. வேலையே இல்லாமல் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரமாயிரம் பேர்.

இந்தக் கணக்குகளைக் கற்கப் பள்ளிக்கூடம் இருந்ததே என்று கேட்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல பள்ளிகள் நான்காம் வகுப்போடு நின்றன. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்ததும் உண்டு. நான்கு அடிப்படைக் கணக்குகளைத் தாண்டி, பெற்றோரின் கூலிக் கணக்கைச் சரிபார்க்கும் அளவுக்கு ஒரு பிள்ளை போக அந்த ஆண்டுகள் போதாது. தோட்டத் தொழிலாளர்கள் சார்பில் கணக்குக் கேட்கும் வலுவான குரல், 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோதுதான் நாடு முழுவதற்கும் ஒன்றாக வந்தது.

பின்னர் நெகிரி செம்பிலானில் பல ரப்பர் நிரைகள் செம்பனையாக மாறின. சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. செம்பனையிலும் விழுக்காடு உண்டு: ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெய். லாரியில் 8 டன் குலை ஏறினால், பத்து விழுக்காடான 0.8 டன்னை இரட்டித்து 1.6 டன் என்று வண்டி ஆலை வாசலை அடையுமுன்பே சொல்லிவிடலாம். பழுக்காத குலைகள் கலந்திருந்தால் அந்த எண் குறையும்.