பேறுகால வலிப்பு: அறிவும் அநீதியும்

தலை பிளப்பதுபோல் வலிக்கிறது, கண்முன்னே ஒளி பளிச்சிடுகிறது என்று கருவுற்ற பெண் கூறுவாள். பின்னர் வலிப்புக் காணும். தாயும் சேயும் மடிதலும் உண்டு. இக்கொடிய பிணி 'எக்லம்சியா' எனப்படும். திடீரெனப் பளிச்சிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியே பிறந்தது அப்பெயர். பெயர் வழங்கிய பின்னும் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை.

1843இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜோன் லீவர் என்பார், வலிப்புற்ற தாய்மாரின் சலத்தில் அல்புமின் என்னும் புரதத்தைக் கண்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரொச்சி, கையிற் பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மறு ஆண்டே பிரெஞ்சு வைத்தியரான வாக்கேயும் நொபெகூரும் இவ்வலிப்பின்போது அமுக்கம் உயர்ந்திருத்தலை எடுத்துக்காட்டினர்.

அவ்வமுக்கம் மூளையைத் தாக்குவது எங்ஙனம்? 1959இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் மூளையின் குருதியோட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துரைத்தார். அமுக்கம் ஏறினால் மூளையின் சிறு நாடிகள் சுருங்குகின்றன; இறங்கினால் விரிகின்றன. வாய்க்கால் மடைபோல் நின்று அவை ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கின்றன. அமுக்கம் எல்லை மீறினால் மடை உடைகிறது. இப்பிணியிலோ குழாய்களின் உட்சுவரும் பழுதுறுவதால், மிக உயராத அமுக்கத்திலும் மடை தளரக்கூடும். நீர் கசிந்து மூளை வீங்குகிறது. பெரும்பாலும் வீங்குவது பார்வைக்குரிய பின்பகுதியே. பெண்கள் கண்டு சொன்ன ஒளி மூளையின் அபாய அறிவிப்பாகவே இருந்தது.

மருந்தும் அரியதன்று. பேதியுப்பு என நாம் அறிந்த மக்னீசியம் சல்பேற்று 1920களிலேயே அமெரிக்காவில் இவ்வலிப்புக்கு ஊசிவழி ஏற்றப்பட்டது. ஆயினும் வேறிடங்களில் பிற மருந்துகளே கோலோச்சின. பல நாடுகள் சேர்ந்து நடத்திய 1995ஆம் ஆண்டின் ஆய்வே, வலிப்பு மீண்டும் வராமற் காப்பதில் அவற்றினும் இவ்வுப்பே சிறந்ததென நிறுவியது. 2002இல், 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடை நடந்த ஆய்வு, வலிப்பு வரும் அபாயத்தை அது பாதிக்குமேல் குறைக்கும் என்று காட்டியது. மலிவான ஓர் உப்பின் பயனை உறுதிசெய்ய ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன!

இன்றும் இப்பிணியால் மடிவோரிற் பெரும்பாலார் வறிய நாடுகளின் தாய்மாரே. அமுக்கம் அளக்கும் பட்டியும் ஒரு குப்பி மருந்தும் எட்டாத கிராமத்தில், லாசனின் அறிவால் விளையும் பயன் யாது? விஞ்ஞானம் கண்டதை ஏழைத்தாயின் படுக்கையருகே கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடன். அக்கடன் தீரும்வரை இவ்வரலாறு முடிவுறாது என்போம்.