வாடகை பாக்கியும் வாசற்பூட்டும்: கடம்பூர்க் கரிசலிலிருந்து ஒரு சட்ட வரலாறு

வாடகை இரண்டு மாதம் நின்றுபோனால், குடியிருப்பவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரர் கதவில் தன் பூட்டைப் போடலாமா? போடக் கூடாது என்பதே இன்றைய சட்டம். பாக்கி உண்மையாக இருந்தாலும், பேசிய காலம் முடிந்திருந்தாலும், பத்திரம் வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் அந்த விடை மாறாது. அது எப்படி உருவானது என்பதைக் கடம்பூரை நடுவில் வைத்து இக்கட்டுரை தேடுகிறது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் கதையை 1941இன் போர்க்காலச் சென்னையில் தொடங்குவது வழக்கம். மாநகரத்துக்கு அது பொருந்தும். கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியில் அந்தக் கதை ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டுகள் முந்தியது. அது தொடங்கிய இடம் களத்துமேடு.

களத்தில் விழுந்த முத்திரை

ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி. பழைய வருவாய்ப் பதிவுகளில் அது திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களில் ஒன்று. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு, எட்டயபுரம், கடம்பூர், மணியாச்சி போன்ற பாளையங்கள் அரசுக்கு நிலையான பேஷ்குஷ் என்னும் ஆண்டுக் கப்பம் செலுத்தும் ஜமீன்களாக மாறின. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையானது 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி. அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டின் 28ஆம் ஒழுங்குவிதியைப் பற்றிய பேச்சு குறைவு. குடியானவனின் அன்றாட வாழ்வைத் தொட்டதோ இந்த இரண்டாவது விதிதான். குத்தகையோ விளைச்சல் பங்கான வாரமோ பாக்கி நின்றால், முதலில் நீதிமன்றத்துக்குப் போகாமலே விளைச்சலையும் ஆடுமாடுகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஜப்தி செய்ய அது ஜமீனுக்கு அதிகாரம் தந்தது. பிடித்தது தவறு என்றால், அதன் பிறகு வழக்குப் போட வேண்டியவன் குடியானவன்.

நஞ்சைச் சீமையிலும் இதே விதிதான். ஆனால் வானம் பார்த்த பூமியில் இதன் எடை வேறு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தியும் சோளமும் உளுந்தும் தை, மாசியில்தான் கைக்கு வரும். இரண்டாம் போகம் கிடையாது. வாரம் பிரிக்கும்வரை அம்பாரத்தில் முத்திரை போட்டுக் காவல் வைத்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு உணவும் விதையும் கடன் அடைக்கும் வழியும் சேர்ந்தே அடைபடும். பேஷ்குஷ் மழை பொய்த்த ஆண்டிலும் குறையாது. எனவே மேலிருந்து வந்த நெருக்கடி அப்படியே களத்துக்கு இறங்கியது. இன்றைய வாசற்பூட்டின் மூதாதை அந்த முத்திரைதான் என்பது என் கருத்து. இரண்டிலும் கடன் இருக்கிறதா, எவ்வளவு என்று மூன்றாமவர் ஒருவர் கேட்பதற்கு முன்பே தண்டனை விழுந்துவிடுகிறது.

இந்த அதிகாரம் தவறாகப் பயன்படுவதை அரசே விரைவில் கண்டது. 1822ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குவிதி இத்தகைய வழக்குகளை முதலில் விசாரிக்கும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றங்களிடமிருந்து கலெக்டர்களுக்கு மாற்றியது. விசாரணை சுருங்கியது உண்மை. ஆனால் கடம்பூர்ச் சம்சாரி ஒருவர் ஜமீனுக்கு எதிராகக் கலெக்டர் கச்சேரிக்கு நடந்து போய் நிற்பது, சட்டம் எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு எளிதான காரியமாக இருந்திருக்க முடியாது.

பட்டா இல்லையேல் வழக்கில்லை

உண்மையான திருப்பம் 1865இன் 8ஆம் சட்டத்தில் வருகிறது. சென்னை மாகாணத்துக் குத்தகை வசூல் சட்டம் அது. குத்தகை நிபந்தனைகளை எழுதிய பட்டாவை ஜமீன் கொடுக்க வேண்டும், அதை ஏற்று குடியானவர் முச்சிலிக்கா எழுதித் தர வேண்டும் என்றது. இந்தப் பரிமாற்றம் நடந்திருக்க வேண்டும். அல்லது முறையான பட்டாவை ஜமீன் கொடுக்க முன்வந்திருக்க வேண்டும். அல்லது இரு தரப்பும் அது வேண்டாம் என்று ஒப்பியிருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால், குத்தகை நிபந்தனையை நிலைநாட்டப் போடும் வழக்கும் நடவடிக்கையும் செல்லாது என்றது 7ஆம் பிரிவு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். எழுத்து இல்லாமற்போனால் அதன் நட்டம் முதலில் யார் தலையில் விழுகிறது? வசூலிக்க வருகிற ஜமீன் தலையில். வலுவுள்ளவர் காகிதத்தைத் தயார் செய்யட்டும், அதன் பிறகு பாக்கி கேட்கட்டும் என்று சட்டம் வரிசை வகுத்தது. இந்த வரிசை பின்னால் தலைகீழாவதை இக்கட்டுரையின் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

கதவைப் பற்றிய முதல் தெளிவான சொற்களும் இதே காலத்தவை. 1864இன் 2ஆம் சட்டம் அரசு நிலவரி வசூலுக்கானது. ஜப்திக்கு வருகிறவர் தொழுவத்தையும் தானியக் களஞ்சியத்தையும் கிடங்கையும் உடைத்துத் திறக்கலாம். குடியிருக்கும் வீட்டினுள்ளோ தலைவாசல் திறந்திருந்தால் நுழையலாம் என்று அது பிரித்துச் சொன்னது. பெண்கள் புழங்கும் அறைக்குள் போகத் தடை இருந்தது. 1908இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 62ஆம் பிரிவில் இன்னும் இறுக்கியது. பொழுது சாய்ந்தபின் பொழுது விடியும்வரை தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் அமீனாவும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. வீடு கடன்பட்டவர் வசத்தில் இருந்து, அவர் வழிமறித்தால் மட்டுமே வெளிக்கதவை உடைக்கலாம். அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு விவசாயியின் கலப்பை, உழவுமாடு, விதைத்தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றைக் கடன் தீர்ப்பின் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. தீர்ப்போடு வரும் கோர்ட் அமீனாவுக்கே இத்தனை கட்டு என்றால், தீர்ப்பே வாங்காத ஒருவர் கையில் பூட்டோடு வருவதற்கு என்ன நியாயம்?

குடியானவர் ஆண்டுக்கு ஆண்டு தயவில் இருப்பவர் என்ற ஜமீன்தார்களின் வாதம் 1890களின் இறுதியில் உயர் நீதிமன்றத்தில் உடைந்தது. மதுரையில் பிறந்த நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் பங்கேற்ற இரண்டு தீர்ப்புகள், ஜமீன் குடியானவரின் உரிமை ஜமீன்தார் கொடுத்து வந்ததன்று என்ற நிலையை எடுத்தன.  1908இன் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் அந்த நிலையைச் சட்டமாக்கியது. நிலத்தை உழவுக்கு ஆகாததாகக் கெடுத்தால் மட்டுமே உரிமையுள்ள குடியானவரை வெளியேற்ற வழக்குப் போடலாம். வெறும் பாக்கிக்காக வெளியேற்ற முடியாது. பாக்கிக்கு வழக்கு, ஜப்தி, உரிமையை ஏலம் விடுதல் என்ற வழிகள் இருந்தன. கடன் வேறு, குடியிருப்பு வேறு என்று சட்டம் தெளிவாகப் பிரித்த இடம் இதுவே. 1938இல், ஜமீன் நிலங்களை ஆராயப் பிரகாசம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை இன்னும் முன்னே போய் நிலம் குடியானவருடையதே என்றது. 1948இன் 26ஆம் சட்டம் ஜமீன்களையே எடுத்துவிட்டது.

ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. பட்டாதாரர்களாகிவிட்ட பழைய குடியானவர்களின் கீழும் வேறு சிலர் உழுதார்கள். அவர்களுக்காக வந்தது 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட உடைமையாளர்கள் உண்டு என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. 1953 டிசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்து, சட்டம் வந்தபோது வெளியே நின்றவர், வருவாய்க் கோட்ட அலுவலரிடம் மனுக் கொடுத்து மீண்டும் உள்ளே வரலாம். பிறகும் சட்டத்தை மீறி வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் அதே அலுவலரிடம் போகலாம். குத்தகையை வாங்க மறுத்தால் பணத்தைக் கட்டி வைக்கவும் வழி செய்தது. தமிழ்நாட்டுச் சட்டங்களில் வெளியே தள்ளப்பட்ட எளியவரை இவ்வளவு விரைவாகத் திரும்ப உள்ளே வைக்கும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிலத்திலிருந்து வீட்டுக்கு

வீட்டுக்கான பொதுப் பாதுகாப்பு வேறொரு தடத்தில் வளர்ந்தது. 1859இன் காலவரையறைச் சட்டத்தில் ஒரு பிரிவு, சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே வரலாம் என்றது. 1877இன் குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் அது 9ஆம் பிரிவாகவும், 1963இன் சட்டத்தில் 6ஆம் பிரிவாகவும் தொடர்ந்தது. சொத்து யாருடையது என்ற கேள்வியை இந்த வழக்கில் நீதிமன்றம் கேட்பதில்லை. யார் வசத்தில் இருந்தது, சம்மதமின்றிச் சட்டத்துக்குப் புறம்பாக எடுக்கப்பட்டதா என்பது போதும். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. உரிமை வழக்கை வீட்டுக்காரர் பிறகு தனியாக நடத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 1381லேயே பலவந்த நுழைவுக்கு எதிரான சட்டம் உண்டு. ஆனாலும் அங்கே உடைமையாளரின் கைக்குப் பழைய வழக்கச் சட்டம் நிறைய இடம் விட்டிருந்தது. இந்தியாவில் அந்த இடம் இல்லை என்று 1924இல் மிதினாப்பூர் ஜமீன் கம்பெனி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலே சொன்னது: உரிமை இருந்தாலும் நீதிமன்றம் வழியாகத்தான் வசத்தை எடுக்க வேண்டும். குவாலியர்ப் பகுதி நில வழக்கொன்றில் 1968இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 1989இல் உணவகம் நடத்த உரிமம் பெற்றிருந்த ஒருவரின் காலம் முடிந்துபோயிருந்த வழக்கிலும், அவரைச் சட்டவழியன்றி வெளியேற்றியது தவறு என்றது. ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடையோ பலகாரக் கடையோ வாடகைக்கு நடத்துகிறவருக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாக உதவும்.

1882இன் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு கனிவான பிரிவு இருக்கிறது. வாடகை பாக்கியால் குத்தகை முறிந்தது என்று வழக்கு வந்தாலும், விசாரணையின்போது பாக்கியையும் வட்டியையும் செலவையும் கட்டினால் குடியிருப்பவரை மன்னித்து விட்டுவைக்க நீதிமன்றத்துக்கு 114ஆம் பிரிவு இடம் தருகிறது. வெள்ளாமை வீட்டுக்கு வரும்வரை கையில் காசு புரளாத ஊர்களில் இப்படிப்பட்ட அவகாசம் எவ்வளவு பெரியது! பூட்டுப் போடுகிறவர் பறிப்பது அந்த அவகாசத்தையும்தான்.

வாடகைக் கட்டுப்பாடு 1941இன் போர்க்கால ஆணையிலிருந்து 1946, 1949, 1960 சட்டங்களாக விரிந்தது. 1960இன் 18ஆம் சட்டத்தில், கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணையின்றி வெளியேற்றத் தடை இருந்தது. போதிய காரணமின்றித் தண்ணீர், விளக்கு போன்ற வசதிகளைத் துண்டிக்கவும் தடை இருந்தது. ஆனால் அது சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் உரிய சட்டம். மற்ற ஊர்களுக்கு அரசு தனியே அறிவிக்கை செய்ய வேண்டும்.

எழுத்தின் சுமை இடம் மாறியது

2019 பிப்ரவரி 22 முதல் 1960 சட்டத்தின் இடத்தில் 2017இன் 42ஆம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேரூராட்சிகளையும் நகர்ப்புறமாகக் கொள்வதால் கடம்பூருக்கும் இது உண்டு. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இரண்டு மாதப் பாக்கி நின்று, அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம். அதுவும் வாடகை நீதிமன்றத்தில். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். நல்ல ஏற்பாடுகள்தான்.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் வெளியேற்றத்துக்கான காரணங்களில் முதலாவதாக நிற்பது வேறொன்று: இரு தரப்பும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. 1865இல் காகிதம் இல்லாததால் வழக்கை இழந்தவர் ஜமீன்தார். இன்று காகிதம் இல்லாததால் வீட்டையே இழக்கக்கூடியவர் குடியிருப்பவர். தீப்பெட்டி ஆபீசிலும் மில்லிலும் வேலை பார்த்துக்கொண்டு காம்பவுண்டு வீட்டில் இருப்பவர், ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுதிப் பதிவு செய்ய வைக்கும் நோக்கம் சரியே. அந்தச் சுமையை வலுக்குறைந்த தோளில் ஏற்றியதைச் சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஒத்தி வீடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. மாத வாடகை இல்லை. மொத்தமாக ஒரு தொகை வீட்டுக்காரரிடம் இருக்கும். முறைப்படி பதிவு வேண்டிய இந்த ஏற்பாட்டைப் பலர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு விட்டுவிடுகிறார்கள். தவணை முடிந்து பணத்தைத் திருப்பித் தராமலே கதவு பூட்டப்பட்டால் தொகையும் போகும், சாமானும் உள்ளே மாட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன ஆறு மாத வழக்கு இங்கே கைகொடுக்கும். பத்திரம் பதிவாகாவிட்டாலும் ரேஷன் கார்டு முகவரி, கேஸ் ரசீது, மின்கட்டணம் கட்டிய சீட்டு, போலீசில் கொடுத்த மனுவின் ரசீது, பூட்டின் படம் ஆகியவை குடியிருந்ததைக் காட்டும். நுழைய உரிமையுள்ள வழியை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவுப்படி குற்றமாகவும் ஆகலாம். 'இது சிவில் விவகாரம்' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினாலும் மனு ரசீதை வாங்கிக்கொண்டு வருவது முக்கியம். ஆறு மாதக் கணக்கின் முதல் நாளுக்கு அது சான்று.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை உண்டு என்று ஆணையிட்டது. வருமானம் நின்ற மாதத்தில் பாக்கி குற்றமாகாது என்று அரசு வெளிப்படையாகச் சொன்ன அரிய தருணம் அது. கரிசலில் மழை பொய்க்கும் ஆண்டுகளுக்கு அப்படி ஓர் ஆணை வந்ததில்லை.

பேரூராட்சி எல்லையைத் தாண்டிச் சிற்றூர்களுக்குப் போனால் 2017 சட்டம் இல்லை. வாடகை அதிகாரியும் இல்லை. அங்கே பூட்டிய கதவுக்கு முன் நிற்கும் குடும்பத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் ஒன்றே வழி. அதே ஊரில் குத்தகை நிலத்திலிருந்து தள்ளப்பட்ட சாகுபடிக்காரர் 1955 சட்டப்படி கோவில்பட்டிக் கோட்டாட்சியரிடம் மனுவோடு போய் நிற்கலாம். ஊராட்சிப் பகுதி வீடுகளுக்கும் அதே அலுவலருக்கு அந்த அதிகாரத்தைத் தர ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும்: பூட்டப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மனு, முதலில் கதவைத் திறந்து விடுதல், பாக்கிக் கணக்கு அதன் பிறகு.