வாயிலருகே நின்ற குதிரை

ஆங்கிலேயரின் பேர மொழியில் 'ஹாப்சன் தேர்வு' என்றொரு வழக்கு உண்டு. பெயர்தான் தேர்வு, முன்வைக்கப்படுவதோ ஒன்றே ஒன்று. வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையேல் வெறுங்கையோடு போ என்பதே அதன் பொருள். 17-ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்ட இவ்வழக்கின் பின்னால் உண்மையான மனிதர் ஒருவர் நிற்கிறார்.

தாமஸ் ஹாப்சன் (1544–1631) கேம்பிரிட்ஜ் நகரத்தவர். இலண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே கடிதங்களையும் சுமைகளையும் கொண்டுசென்றவர்; பல்கலைக்கழக மாணவருக்குக் குதிரைகளை வாடகைக்கும் விட்டவர். அவரது இலாயத்தில் நாற்பது குதிரைகள் நின்றன என்று 1712-இல் 'ஸ்பெக்டேட்டர்' இதழ் எழுதிற்று. எனினும், வருபவர் வாயிலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையைத்தான் பெறவேண்டும். ஏன் இந்தக் கண்டிப்பு? விரைந்தோடும் குதிரையையே எல்லாரும் கேட்டால் அது ஓய்வின்றி நலிந்துபோகும். சுற்று முறையோ உழைப்பையும் ஓய்வையும் எல்லாக் குதிரைகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. பணப்பை கனத்தவனுக்கும் அதே குதிரைதான், மெலிந்தவனுக்கும் அதே குதிரைதான்! வாயற்ற உயிர்களைக் காத்த இவ்விதியைப் பிற்காலத்தார் முரட்டுப் பிடிவாதத்தின் அடையாளமாக்கியது ஹாப்சனுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நாம் கருதுகிறோம். நகருக்கு நன்னீர் கொணர்ந்த கால்வாயின் பராமரிப்புக்கு நிலம் எழுதிவைத்தவரும் அவரே. கொள்ளைநோயால் இலண்டன் பயணங்கள் நிறுத்தப்பட்டிருந்த வேளையில் அவர் இறந்தார். அப்போது அங்கே மாணவராயிருந்த மில்டன், சும்மா இருந்ததே கிழவரைக் கொன்றது என்ற நகைச்சுவையோடு இரு கவிதைகள் புனைந்தார்.

குதிரை கிடைக்காத மாணவன் நடந்து போகலாம். வேலை கிடைக்காத தொழிலாளி எங்கே போவான்? 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொட்டது இந்த இடத்தைத்தான். வறுமையாலோ, இதனினும் பெரிய தீங்கு நேருமென்ற அச்சத்தாலோ ஒருவன் கடுமையான நிபந்தனைகளுக்கு இணங்கினால், அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் பலியானவனே என்றார் அவர். கையொப்பம் இருக்கிறதே என்று சட்டம் பேசுவோர்க்கு இது கசப்பான மொழிதான்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதே வழியைக் கொள்கையாகவே கைக்கொண்டது. அதன் துணைத்தலைவர் லெமுவேல் பவுல்வேரின் பெயரால் அது 'பவுல்வேரிசம்' எனப்பட்டது. தொழிலாளர் விரும்புவதை நிறுவனமே ஆராயும். தான் நியாயமெனக் கண்டதை ஒரே முறை அறிவிக்கும். புதிய உண்மைகள் வெளிப்பட்டாலன்றி அதனின்று இம்மியும் நகராது. சங்கத்தோடு பேசாமலில்லை, பேச்சால் எதுவும் மாறாது, அவ்வளவே. 1960-இல் வேலைநிறுத்தம் மூண்டு தோற்றது. அந்த ஆண்டுப் பேச்சுவார்த்தையில் நிறுவனம் நடந்துகொண்ட முறை நல்லெண்ணப் பேரமாகாது என்று தேசியத் தொழிலுறவு வாரியம் 1964-இல் தீர்ப்பளித்தது. 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு அக்டோபரில் தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். இம்முறை அவர்கள் ஆலைக்குத் திரும்ப நூறு நாட்களுக்கு மேலாயின.