குற்றவாளி, நோயாளி, மனிதர்

திருநங்கையர், திருநம்பியர் மத்தியில் மனச்சோர்வு மிகுந்து காணப்படுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. அதன் காரணத்தை அவர்களது பிறப்பிலேயே தேடுவோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வரலாறு சொல்வதோ வேறு.

1871இல் பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. அதன் இரண்டாம் பகுதி வட இந்திய ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. பொலிஸ் பதிவேட்டில் சேர்க்கப்பட்டவர் பெண்ணுடையுடன் வீதியில் தோன்றினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஈராண்டு வரை சிறை. மகனைத் தத்தெடுக்கவும் மரணசாசனம் எழுதவும் அவருக்கு உரிமையில்லை. முதுமையில் துணையின்றிப் போகும்படி சட்டமே விதித்தது.

சட்டம் குற்றவாளி என்றது. மருத்துவம் நோயாளி என்றது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு இவர்களது பாலின உணர்வை உளக்கோளாறுகளுடன் சேர்த்தது. 2013இல் அதே கையேடு, சிகிச்சைக்குரியது அடையாளமன்று, அதனையொட்டி எழும் வேதனையே எனத் திருத்திக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடு, இதனை உளநோய்களின் வரிசையிலிருந்தே அகற்றிப் பாலியல் நலப் பிரிவில் வைத்தது.

இலங்கையில் 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. பிறப்புச் சான்றிதழில் பாலினத்தைத் திருத்த அது உதவுகிறது. வரவேற்கத்தக்க மாற்றந்தான். ஆயினும் அதற்கு உளமருத்துவரின் மதிப்பீடு வேண்டும். பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: சான்றிதழுக்காகச் செல்பவர், அதைத் தரவோ மறுக்கவோ வல்ல வைத்தியரிடமே தமது மனச்சோர்வை மனந்திறந்து கூறுவாரா? கூறாவிடின், அந்தத் துயரத்துக்கு மருந்து எங்கே?