முடிவு அவர்களுடையது, பழுது நம்முடையது: விண்டோஸ் அப்டேட்டின் சிறு வரலாறு

நீலத் திரை, சுத்திக்கொண்டே இருக்கிற வட்டம், கீழே ‘மாற்றங்களைப் பழையபடி ஆக்குகிறோம், கணினியை அணைக்க வேண்டாம்’ எண்டு ஒரு வரி. விண்டோஸ் பாவிக்கிற கனபேர் ஒரு தடவையாவது இதுக்கு முன்னால் இருந்திருப்பீர்கள். பிறகு போனில் தேடுவோம், தெரிஞ்ச அண்ணா ஒருத்தருக்குக் கோல் எடுப்போம், அவர் ‘சேஃப் மோடுக்குப் போ’, ‘ரீஸ்டோர் பண்ணிப் பார்’ என்பார். இந்தக் கைவைத்தியங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: அப்டேட்டை எப்போது போடுவது என்ற முடிவு மெல்ல மெல்ல நம் கையை விட்டுப் போயிருக்கிறது. பிழைத்தால் திருத்துகிற வேலை மட்டும் இன்னும் வீட்டிலேயே கிடக்கிறது.

கேட்டுப் போட்ட காலம்

விண்டோஸ் 98 வந்தபோதுதான் ‘விண்டோஸ் அப்டேட்’ என்ற இணையத்தளம் தொடங்கியது. விருப்பமிருந்தால் நாமே அங்கே போய், தேவையானதைத் தெரிவுசெய்து இறக்கவேண்டும். விருப்பமில்லையா, விட்டுவிடலாம். 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் தானாக அப்டேட் தேடும் வசதி சேர்ந்தது. இன்னொன்றும் அதே பதிப்பில்தான் வந்தது: சிஸ்டம் ரீஸ்டோர். அதாவது தானாக மாற்றுகிற கருவியும், மாற்றினது பிழைத்தால் பழைய நிலைக்குப் போகிற கருவியும் ஒன்றாகத்தான் பிறந்தன.

நிலைமையை மாற்றியது 2003. அந்த வருஷம் ஜூலை 16 அன்று மைக்ரோசொஃப்ட் ஒரு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. கனபேர் அதைப் போடவில்லை. ஒகஸ்ட் 11 அன்று அதே ஓட்டையால் ‘பிளாஸ்டர்’ என்ற புழு பரவியது. இன்டர்நெட்டில் இணைந்த எக்ஸ்பி கணினிகள் அறுபது செக்கன் எண்ணிவிட்டுத் தாமாக அணைந்தன. திருத்தம் வந்து நாலு கிழமை கூட ஆகவில்லை, ஆனாலும் அது போதாமல் போய்விட்டது.

அந்த ஒக்டோபரில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கம் வந்தது. இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. அடுத்த வருஷம் வந்த எக்ஸ்பி சேர்விஸ் பக் 2, தானியங்கி அப்டேட்டை ‘ஓன்’ பண்ணச் சொல்லி நேராகவே கேட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது வீட்டுப் பதிப்பில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெரிவே எடுபட்டுப் போனது. கொஞ்ச நாள் தள்ளிவைக்கும் உரிமை, அதுவும் அதிகபட்சம் 35 நாள், 2019இல்தான் வீட்டுப் பாவனையாளருக்குக் கிடைத்தது.

இதில் நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 மே 12 அன்று ‘வனாக்ரை’ பரவி பிரித்தானிய வைத்தியசாலைகளையே முடக்கியபோது, அதற்கான திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டேட்டா முடிஞ்சிடும், கள்ளக் கொப்பி பிடிபட்டிடும் எண்டு அப்டேட்டை நிப்பாட்டி வைப்பது நம் ஊரிலும் புதிசில்லை. அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு.

மூன்று பழுதுகள்

ஆனால் அப்டேட்டுக்குப் பயப்படுகிறவர்களும் காரணமில்லாமல் பயப்படவில்லை.

ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸ் தான் பாவிக்கும் கோப்புகளைத் தானே மாற்ற முடியாது. அதனால்தான் புதியவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரீஸ்டார்ட் நேரத்தில் மாற்றுகிறது. அந்த இடைநேரம்தான் ஆபத்தானது. 2008 பெப்ரவரியில் விஸ்டாவின் முதல் சேர்விஸ் பக்குக்கு முன் போடவேண்டிய ஒரு சின்ன அப்டேட், சில கணினிகளை ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கச் செய்தது. மைக்ரோசொஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தியது. அந்த அப்டேட்டின் வேலையே அப்டேட் போடும் பொறியைப் புதுப்பிப்பதுதான்!

2010 பெப்ரவரியில் இன்னொரு விதமாக நடந்தது. எக்ஸ்பி கணினிகள் ஒரு திருத்தத்துக்குப் பிறகு நீலத் திரையோடு நின்றன. எல்லாரும் அப்டேட்டைத் திட்டினார்கள். ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கணினிகளில் ‘அலூரியன்’ என்ற நச்சுநிரல் ஏற்கெனவே ஒளிந்திருந்தது. விண்டோஸின் உள்ளே சில பகுதிகள் இன்ன இடத்தில்தான் இருக்கும் என்று நம்பி அது எழுதப்பட்டிருந்தது. திருத்தம் அந்த இடங்களை மாற்ற, எல்லாம் குழம்பிப்போனது. அப்டேட்டுக்குப் பிறகு வந்த பழுதெல்லாம் அப்டேட்டால் வந்ததல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2018 ஒக்டோபர் அப்படியல்ல. 2ஆம் திகதி வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. நாலு நாளில் நிறுத்தினார்கள். பாதிப்பு முறைப்பாடுகள் 0.01 வீதம் மட்டுமே என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் அந்த 0.01 வீதத்துக்குள் மாட்டினவருக்குப் போனது முழுக்கவும்தான். முன்கூட்டியே சோதித்தவர்கள் சிலர் இதைப் பற்றி முறையிட்டிருந்தார்கள் என்பதும் பிறகு தெரியவந்தது.

எண் மட்டும் சொல்லும் பிழை

என்னைப் பொறுத்தவரை கோபப்படவேண்டிய சம்பவம் இவற்றைவிடச் சின்னது. 2024 ஜனவரியில் வந்த ஒரு அப்டேட், கணினி எழும்பாதபோது திருத்த உதவும் மீட்புப் பகுதியைப் புதுப்பிக்க வந்தது. அதற்கு அந்தப் பகுதியில் 250 மெகாபைட் வெற்றிடம் வேணும். பல கணினிகளில் அது இருக்கவில்லை. ‘இடம் போதாது’ என்று சொன்னால் முடிந்தது. ஆனால் திரையில் வந்தது 80070643 என்று முடிகிற ஒரு பிழை எண். பிழையைச் சொல்லும் பகுதியிலேயே பிழை இருந்ததாக மைக்ரோசொஃப்டே ஒப்புக்கொண்டது. பிறகு, தானியங்கித் தீர்வு வராது, வட்டுப் பகுதிகளின் அளவை நீங்களே கட்டளை எழுதி மாற்றுங்கள் என்றது. கேட்காமல் போடுகிற நிறுவனம், பிழைத்ததும் வீட்டுப் பாவனையாளரைத் தொழில்நுட்பவியலாளர் ஆக்கிவிட்டது.

இதை வேறு மாதிரிச் செய்ய முடியாதா? முடியும். குரோம் ஓஎஸ்ஸும், 2016இல் வந்த அண்ட்ரொய்ட் 7 முதல் பல போன்களும் கணினி அமைப்பை இரண்டு பிரதிகளாக வைக்கின்றன. ஓடாத பிரதியில் அப்டேட் போகும்; அது எழும்பாவிட்டால் பழைய பிரதிக்குத் தானாகத் திரும்பும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு, ‘அணைக்க வேண்டாம்’ என்கிற கட்டளையைவிட அணைந்தாலும் தாங்குகிற வடிவமைப்புத்தான் தேவை.

அது வரும்வரை இந்த வரலாற்றிலிருந்து எடுக்கக்கூடியவை சில. பெரிய அப்டேட்டுக்கு முன் சொந்தக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் கொப்பி எடுங்கள். 1809இல் தப்பினவர்கள் அப்படித்தான் தப்பினார்கள். வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். லப்டொப் என்றால் பட்டரி நிறைய இருக்கட்டும். எழும்பவில்லை என்றால் அவசரப்பட்டு ‘ஃபோர்மட்’ அடிக்காமல், மீட்புத் திரைக்குப் போய்க் கடைசி அப்டேட்டை மட்டும் நீக்கிப் பாருங்கள். புதிய பதிப்புக்கு மாறிப் பிழைத்தால் வழமையாகப் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்குள் வட்டைத் துப்புரவாக்கிப் பழைய விண்டோஸ் கோப்புறையை அழித்துவிடாதீர்கள். பிழை எண்ணை ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்ததாகக் கோல் எடுக்கப்போகிற அண்ணாவுக்கும் அது வேணும்.