வெள்ளைப் பட்டை அடித்த மரங்கள்

போலாரத்தில் ராஷ்டிரபதி நிலையம் பக்கம் ராத்திரி போனால் ரோட்டோர மரங்களில் வெள்ளைப் பட்டை தெரியும். கறையானுக்கு அடித்த சுண்ணாம்பு என்று நம் ஊரில் சொல்வோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஹெட்லைட்டில் மரம் தெரியும். மரத்துக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, பேங்க் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் ஓடக் கிளம்பும் என்னை மாதிரி ஆட்களுக்கு இருக்கிறதா?

இப்போது காலேஜ் படிக்கும் மகளும் கூட வருகிறாள். "ஒருத்தர் போனாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது" என்கிறார் தங்கமணி. அதனால்தான் இந்தச் சரித்திர ஆராய்ச்சி. (ஆள் பயம் தனி விஷயம், மகள் தனியாக ஓடுவதில்லை. இங்கே வண்டி பயம் மட்டும்.)

1939 செப்டம்பர் 1. ஜெர்மன் விமானங்களுக்குப் பயந்து பிரிட்டன் முழுக்க விளக்கை அணைத்தார்கள். 1942-ல் சென்னையில் ஜப்பானுக்குப் பயந்து நம் தாத்தாக்கள் பார்த்த அதே இருட்டடிப்பு. அங்கே குண்டு விழுவதற்கு முன்பே ரோட்டில் ஆட்கள் விழுந்தார்கள். அந்த மாத விபத்துச் சாவு, முந்தைய வருஷ செப்டம்பரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உடனே நடைபாதை விளிம்புக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள். நடப்பவர்கள் கையில் வெள்ளைப் பேப்பர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்கள் சட்டையை இன் பண்ணாமல் வெளியே விடலாம் என்றுகூட யோசனை! 1940 பிப்ரவரியில் ஊருக்குள் இரவு வேகத்தை 20 மைலாகக் குறைத்தார்கள்.

வெள்ளை மட்டும் போதாது என்று காட்டியவர் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன். 1973-ல், இருட்டில் ஆட்களின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகள் தெரியும்படி படம் பிடித்துக் காட்டினார். அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். நடந்தால், பார்த்தவர்கள் நொடியில் 'மனுஷன்' என்றார்கள். பிற்பாடு ரோட்டில் செய்த சோதனைகளும் இதையே சொல்லின. மார்பில் போடும் பட்டையைவிட கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் போடும் ரிஃப்ளெக்டர் பட்டை டிரைவருக்குச் சீக்கிரம் புரிகிறது. பளீர் மஞ்சள் பனியன் பகலுக்குத்தான்; ராத்திரி ஹெட்லைட்டில் அதற்கு மவுசு இல்லை.

சீக்கிரம் என்றால் எவ்வளவு? 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு செகண்டில் 17 மீட்டர் வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

பகலில் பயமில்லை என்றும் இல்லை. 2023 ஜூலையில் இதே ஹைதராபாத்தின் பண்ட்லகூடாவில் காலை நடைக்குப் போன தாயும் மகளும் கார் மோதி இறந்தார்கள். நூறு வயதில் மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங், 114 வயதில், 2025 ஜூலையில், சொந்த ஊர் ரோட்டில் கார் மோதித்தான் போனார்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடு என்பது பிரிட்டிஷ் சாலை விதிப்புத்தகத்தில் உள்ளது. நம்மூருக்கும் பொருந்தும், நாமும் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள்தானே. ஆனால் ஹைதராபாத்தில் 'ராங் ரூட்' பைக் முதுகுக்குப் பின்னாலும் வரும். அதனால் மகளுக்கும் எனக்கும் காதில் ஹெட்போன் கிடையாது.